ஒரு திரை, பல கைகள்: கூடிப் பார்க்கும் ஸ்மார்ட் டிவிக்கு ஆப் எழுதுவது எப்படி

போனில் ஓடும் ஆப்புக்கு ஒரே எஜமானர். டிவியில் ஓடும் ஆப்புக்கு அந்த வசதி கிடையாது. ரிமோட் ஒருவர் கையில் இருக்கும். பார்ப்பவர்கள் ஐந்து பேர். அதில் இருவர் போனிலிருந்தும் கட்டளை அனுப்புவார்கள். ஒருவர் நடுவில் எழுந்து போய் அரைமணி கழித்து வருவார். போன் ஆப்பைப் பெரிதாக்கி டிவியில் ஏற்றினால் முதலில் உடைவது இந்த இடம்தான். அழகு குறைவதெல்லாம் அப்புறம்.

வினாடி வினா, வாக்கெடுப்பு, எல்லோரும் பாட்டுச் சேர்க்கும் பட்டியல், வெவ்வேறு வீடுகளில் இருந்து ஒன்றாகப் படம் பார்ப்பது போன்ற ஆப்களுக்கான வழிகாட்டி இது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள், ஆனால் டிவிக்கு இதுவரை எழுதாதவர்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறோம்.

எது பொதுத் திரைக்கு, எது போனுக்கு

நிரலைத் தொடங்குமுன் ஒரு தாளில் ஆப் காட்டப்போகும் ஒவ்வொரு தகவலையும், கேட்கப்போகும் ஒவ்வொரு உள்ளீட்டையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: அறையில் உள்ள எல்லோரும் பார்க்கலாம், உரியவர் மட்டும் பார்க்கலாம், யாரும் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி, மதிப்பெண், ஓடும் படம், அடுத்து வரும் பாட்டு ஆகியவை முதல் வகை. ஒருவர் தேர்ந்த விடை, போட்ட வாக்கு, கடவுச்சொல், தேடிய சொல், பணம் கட்டும் விவரம் ஆகியவை இரண்டாம் வகை. இவை போனுக்குப் போக வேண்டும். தேடிய சொல்லைப் பலர் முதல் வகையில் போட்டுவிடுவார்கள். தேடல் பெட்டியைத் திறந்ததும் பழைய தேடல்கள் வரிசையாக விழுவது கைக்குள் இருக்கும் போனில் உதவி. விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் சங்கடம். இயல்பாக மறைத்து வையுங்கள்.

எழுத்துத் தட்டும் வேலை எதுவானாலும் போனுக்கே கொடுங்கள். ரிமோட்டின் அம்புக்குறியால் திரை விசைப்பலகையில் நகர்ந்தால் ஓர் எழுத்துக்கு நாலைந்து அழுத்தல்கள் ஆகும். பத்து எழுத்துப் பெயருக்கு நாற்பது, ஐம்பது. அதுவரை மற்ற நாலு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

திரையின் கணக்கு

பேனல் 4கே ஆக இருந்தாலும் பெரும்பாலான டிவிகளில் ஆப்பின் இடைமுகம் 1920×1080 அளவில்தான் வரையப்படுகிறது. டிவி அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டு டிவியில் இதே பரப்பு 960×540 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவு அலகு) என்று கணக்காகும். ஓரங்களில் 5 சதவீதம் விடுவது பழைய, நல்ல பழக்கம்: இடம் வலம் 48 டிபி, மேல் கீழ் 27 டிபி. ஆப்பிள் டிவியில் பக்கவாட்டில் 80 பாயின்ட், மேல் கீழ் 60 பாயின்ட் விடச் சொல்கிறார்கள். பின்னணிப் படம் விளிம்புவரை போகலாம். எழுத்தும் பட்டனும் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், ஏனென்றால் சில டிவிகள் இன்னமும் விளிம்பைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டுகின்றன.

எழுத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கணக்குப் போடுங்கள். 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 53.5 செ.மீ. அதை 1080 ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். 24 பிக்சல் எழுத்துருவில் 'ப', 'ட' போன்ற எழுத்தின் உடல் ஏறக்குறைய 12 பிக்சல், அதாவது 6 மி.மீ. 3 மீட்டர் தொலைவில் இது கண்ணில் 7 ஆர்க் நிமிடக் கோணம்தான் பிடிக்கும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க் நிமிடம்). குறையில்லாத கண்ணால் படிக்கக்கூடிய எல்லையே 5. கண்ணாடி போட்டவர், பக்கவாட்டில் உட்கார்ந்தவர், வயதானவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 24 பிக்சல் போதாது. ஓடும் வரிகளுக்கு 32, கேள்வி போன்ற முக்கிய வரிக்கு 48 முதல் 60 என்று வையுங்கள். 24 பிக்சலுக்குக் கீழே எதையும் எழுதாதீர்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல் சேரும். 'ணீ', 'கூ', 'டு' போன்றவற்றில் குறிகள் மேலும் கீழும் நீளும். வரி உயரம் 1.5க்குக் குறைந்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்த பட்டன் 'மீண்டும் தொடங்கு' ஆகும்போது அகலம் பெரிதும் கூடும். பட்டன் அகலத்தை நிலையாக வைக்காமல் உள்ளே உள்ள சொல்லுக்கேற்ப விரிய விடுங்கள். டிவியோடு வரும் எழுத்துருவை நம்பாமல் உங்கள் எழுத்துருவை ஆப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

நிறத்திலும் ஒளியிலும் சுருக்கமாக மூன்று விஷயம். முழு வெள்ளையைப் பெரும் பரப்பில் போடாதீர்கள். இருட்டறையில் கண் கூசும், முழு வெள்ளையான 255க்குப் பதில் 240க்கு அருகில் நிறுத்துங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்கட்டும். மின்னும் விளைவுகள் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் கூடாது. வலிப்பு வரக்கூடியவர்கள் அறையில் இருக்கலாம்.

ரிமோட்டும் ஃபோகஸும்

ரிமோட்டில் நீங்கள் நம்பக்கூடியவை ஆறு பட்டன்கள்: நாலு திசை, நடுப்பட்டன், பின்செல். மற்றவை ஒரு மாடலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பட்டன்களைக் குறுக்குவழியாக வைத்துக்கொள்ளலாம். அவை இல்லாமல் செய்ய முடியாத வேலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பட்டனும் ஆப்புக்கு ஓர் எண்ணாக வந்து சேரும். வெப் ஆப்பாக எழுதினால் திசைகள் 37 முதல் 40 வரை, நடுப்பட்டன் 13. பின்செல்லில்தான் குழப்பம்: சாம்சங்கின் டைசனில் அதன் எண் 10009, எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸில் 461. ஆண்ட்ராய்டு நேட்டிவ் ஆப்பில் திசைகள் 19 முதல் 22, நடுப்பட்டன் 23, பின்செல் 4. டைசனில் திசைகள், நடுப்பட்டன், பின்செல் தாமாக வரும். வண்ணப் பட்டன்களையும் ப்ளே, பாஸ் பட்டன்களையும் ஆப் திறக்கும்போது பதிவு செய்துகொள்ளாவிட்டால் நிகழ்வு வராது. எண்களை நிரல் முழுக்கச் சிதற விடாமல் ஒரே கோப்பில் 'மேல்', 'பின்' என்று பெயராக மாற்றிவிடுங்கள்.

ஃபோகஸ், அதாவது ரிமோட் இப்போது எதன்மேல் நிற்கிறது என்ற குறி, எங்கே இருக்கிறது என்பது 3 மீட்டரிலிருந்து, அரைப் பார்வையில், ஒரு நொடிக்குள் தெரிய வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றினால் தெரியாது. 5 முதல் 10 சதவீதம் பெரிதாக்கி, 4 பிக்சல் விளிம்பு போடுங்கள். இரண்டே பட்டன் உள்ள பெட்டியில் இது இன்னும் முக்கியம்: ஒன்று நீலம், ஒன்று சாம்பல் என்றால் எது தேர்வானது, எது தேர்வாகாதது என்று யாராலும் சொல்ல முடியாது.

பலர் பயன்படுத்தும் ஆப்பில் மட்டும் வரும் ஃபோகஸ் கோளாறு ஒன்று உண்டு. ரிமோட் வைத்திருப்பவர் பட்டியலில் ஐந்தாம் பாட்டின் மேல் நிற்கிறார். அந்த நேரம் வேறொருவர் போனிலிருந்து ஒரு பாட்டைச் சேர்க்கிறார். பட்டியல் புதிதாக வரையப்படுகிறது. ஃபோகஸ் முதல் வரிக்குத் தாவுகிறது, அல்லது அடியோடு காணாமல் போகிறது. காணாமல் போனால் ரிமோட்டே செத்த மாதிரி ஆகிவிடும். இதைத் தடுக்க ஃபோகஸை வரிசை எண்ணால் நினைவில் வைக்காமல் பொருளின் அடையாள எண்ணால் வையுங்கள். மறுவரைவுக்குப் பின் அதே பொருளைத் தேடி ஃபோகஸ் கொடுங்கள். அது நீக்கப்பட்டிருந்தால் அதற்கு அடுத்ததற்கு, அதுவும் இல்லையென்றால் பட்டியலின் கடைசிக்கு. இன்னும் நல்லது, ரிமோட் நகர்ந்த இரண்டு நொடிக்குள் வரும் மாற்றங்களைத் தேக்கி வைத்து, கை ஓய்ந்ததும் சேர்ப்பது. இல்லாவிட்டால் அழுத்தும் கணத்தில் பட்டியல் நகர்ந்து தவறான பாட்டு தேர்வாகும்.

பட்டனை அழுத்திப் பிடித்தால் நிகழ்வுகள் மழைபோல் வரும். 100 முதல் 150 மில்லிநொடிக்கு ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அசைவு விளைவுகள் 200 மில்லிநொடிக்குள் முடியட்டும்.

போன்களைச் சேர்ப்பது

போனில் தனி ஆப் நிறுவச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே விலகிவிடுவார்கள். பிரவுசரில் திறக்கும் பக்கமே போதும். அதற்கு இரண்டு வாசல்கள் வையுங்கள்: கியூஆர் கோடு, தட்டிச் சேரும் அறைக் குறியீடு.

கியூஆரில் பழைய கணக்கு ஒன்று: படிக்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். இன்றைய கேமராக்கள் அதைவிடச் சிறியதையும் படிக்கும். என்றாலும் மங்கிய வெளிச்சத்தில் இந்தக் கணக்கே காப்பாற்றும். 3 மீட்டருக்கு 30 செ.மீ., அதாவது 43 அங்குல டிவியில் 600 பிக்சல். எல்லோரும் சேரும் முதல் திரையில் தயங்காமல் அவ்வளவு இடம் கொடுங்கள். ஆட்டம் தொடங்கியபின் 250 பிக்சலாகச் சுருக்கி மூலையில் வையுங்கள். பிந்தி வருபவர் நாலடி முன்னால் வந்து படித்துக்கொள்வார்.

முகவரி குறுக இருந்தால் கட்டங்கள் குறையும், ஒவ்வொரு கட்டமும் பெரிதாகும். முகவரி முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினால் கியூஆர் அதைச் சிக்கனமான முறையில் அடைக்கும்: 25×25 கட்டத்தில், நடுத்தரப் பிழைதிருத்த நிலையில், 38 எழுத்துகள் கொள்ளும். கேள்விக்குறியும் சமக்குறியும் அந்த முறையில் கிடையாது. ஆகவே அறைக் குறியீட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால் வையுங்கள், சர்வரும் பெரிய எழுத்துப் பாதையை ஏற்கட்டும். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டமாகத் திருப்பிப் போடாதீர்கள். சில போன்கள் படிக்காது. ஒரு கட்டத்துக்கு முழு எண்ணிக்கைப் பிக்சல் வரும்படி அளவை அமையுங்கள். 25 கட்டமும் இரண்டு பக்க வெள்ளையும் சேர்ந்து 33. கட்டத்துக்கு 18 பிக்சல் என்றால் 594.

அறைக் குறியீட்டுக்கு ஆங்கில உயிரெழுத்துகளையும் ஒய் எழுத்தையும் தவிர்த்த 20 எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமையாது; ஓ எழுத்தும் பூஜ்யமும் குழம்பாது. நாலு எழுத்தில் 1,60,000 அறைகள் வரும். கேட்க நிறையத் தோன்றும். ஒரே நேரத்தில் 1,000 அறைகள் திறந்திருந்தால் கண்ணை மூடித் தட்டினாலே 160 முயற்சியில் ஒரு தடவை யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். ஒரே இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்குப் பத்து முயற்சிக்கு மேல் விடாதீர்கள். ஆட்டம் தொடங்கியபின் புதிதாக வருபவரை ஹோஸ்ட் (அறையை நடத்துபவர்) அனுமதிக்கட்டும். ஆறு எழுத்தாக்கினால் 6.4 கோடி, தட்டுவதற்குக் கொஞ்சம் சிரமம், காவலுக்கு நல்லது.

கணக்கில் உள்நுழைவது வேறு வேலை. அதற்குத் தயாராக ஒரு தரமுறை இருக்கிறது: 2019இல் வந்த ஆர்எஃப்சி 8628 என்ற இணையத் தரமுறை ஆவணம். டிவி ஒரு குறியீட்டைக் காட்டும், பயனர் போனில் ஒப்புதல் தருவார், டிவி சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வர் இடைவெளி சொல்லாவிட்டால் 5 நொடிக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். மெதுவாகக் கேள் என்று பதில் வந்தால் இடைவெளியில் இன்னும் 5 நொடி கூட்ட வேண்டும். இதை மதிக்காமல் நொடிக்கொரு தடவை கேட்கும் ஆப், சர்வர் தடுத்துவிட, ஏன் உள்நுழைய முடியவில்லை என்று விழிக்கும்.

ஒரே வைஃபையில் டிவியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் தரலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கருவிகளைக் கண்டுபிடிக்கும் முறைகளான எம்டிஎன்எஸ் 5353 போர்ட்டிலும், எஸ்எஸ்டிபி 1900 போர்ட்டிலும் வலையமைப்பில் உள்ள எல்லோருக்குமான செய்தி அனுப்பித்தான் தேடுகின்றன. விருந்தினர் வைஃபையில், விடுதியில், அலுவலகத்தில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே அடைத்துவிடும். போன் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் கிடைக்காது. சர்வர் வழியாகப் போகும் அறைக் குறியீடு இந்த எல்லா இடத்திலும் வேலை செய்யும்.

ஒரே நிலை, பல கட்டளைகள்

இந்த ஆப்களின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் தகும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு: போனில் ஒரு ப்ளே-பாஸ் பட்டன், அழுத்தினால் 'மாற்று' என்ற கட்டளை போகும். அழைப்பு மணி அடிக்கிறது. இருவர் ஒரே சமயத்தில் படத்தை நிறுத்த அழுத்துகிறார்கள். முதல் 'மாற்று' நிறுத்துகிறது, இரண்டாவது மறுபடி ஓட வைக்கிறது. இருவரும் திரும்பவும் அழுத்துகிறார்கள். படம் நின்று ஓடி, நின்று ஓடி, கடைசியில் ஒருவர் ரிமோட்டைத் தேடுகிறார்.

அதனால் 'மாற்று' என்று அனுப்பாதீர்கள். 'நிறுத்து' அல்லது 'ஓடு' என்று விரும்பும் நிலையை அனுப்புங்கள். பத்து பேர் 'நிறுத்து' அனுப்பினாலும் விளைவு ஒன்றே. ஒலியளவிலும் 'இரண்டு கூட்டு' என்பதற்குப் பதில் '14 ஆக்கு'. நழுவுபட்டியை இழுக்கும்போது நொடிக்குப் பத்து கட்டளைக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள். விரலை எடுத்ததும் கடைசி மதிப்பைக் கட்டாயம் ஒரு தடவை அனுப்புங்கள்.

'அடுத்தது' என்பதிலும் இதே வலை. இருவர் அழுத்தினால் இரண்டு பாட்டு தாண்டும். கட்டளையோடு அனுப்புபவர் எந்தப் பாட்டைப் பார்த்து அழுத்தினாரோ அதன் அடையாள எண்ணையும் அனுப்புங்கள்: 'பாட்டு 7ஐத் தாண்டு'. இரண்டாவது கட்டளை வரும்போது ஓடுவது 8ஆம் பாட்டு. ஆகவே அது தானாகக் கைவிடப்படும்.

நடைமுறையில் ஒவ்வொரு கட்டளையிலும் ஐந்து தகவல்கள் வேண்டும்: அறை, அனுப்பியவர், கட்டளையின் தனி எண், அவர் பார்த்த நிலையின் பதிப்பு எண், விரும்பும் நிலை. தனி எண் எதற்கு என்றால், இணைப்பு விக்கும்போது போன் அதே கட்டளையை மறுபடி அனுப்பும். பார்த்த எண் திரும்ப வந்தால் தள்ளிவிடலாம். பதிப்பு எண் நிலை மாறும்தோறும் ஒன்று கூடும். பட்டியலை அழிப்பது, ஒருவரை நீக்குவது போன்ற திரும்பாத வேலைகளில் பழைய பதிப்பைப் பார்த்து அனுப்பிய கட்டளையை ஏற்காதீர்கள்.

உண்மையான நிலையை யார் வைத்திருப்பது? எல்லோரும் ஒரே அறையில் என்றால் டிவியே வைக்கலாம் என்று தோன்றும். டிவி எப்போது வேண்டுமானாலும் ஆப்பைக் கொன்றுவிடும்: யாரோ எச்டிஎம்ஐ மாற்றுவார், மெமரி போதாமல் போகும், மின்சாரம் போகும். சர்வரில் வைப்பதுதான் எங்கள் பரிந்துரை. டிவியும் போன்களும் அதன் காட்சிகள் மட்டுமே. டிவி ஆப் மறுபடி திறந்தால் முதலில் 'விட்ட இடத்தில் தொடரவா' என்று கேட்கட்டும்.

போன் இணைப்பு அறுவது கோளாறு அல்ல, அன்றாடம். திரை அணைந்ததும் பிரவுசர் வெப்சாக்கெட்டை (சர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பை) விட்டுவிடும். எனவே:

- 15 முதல் 20 நொடிக்கு ஒரு துடிப்பு ('இருக்கிறேன்' என்ற சிறு செய்தி) அனுப்புங்கள். மூன்று தவறினால் 'விலகியிருக்கிறார்' என்று மங்கலாகக் காட்டுங்கள். உடனே நீக்காதீர்கள், இருக்கையை ஐந்து நிமிடம் காத்து வையுங்கள்.
- சேரும்போது போனில் ஓர் அடையாளச் சீட்டைச் சேமியுங்கள். திரும்பி வருபவர் அதே பெயர், அதே மதிப்பெண்ணோடு வர வேண்டும். 'ரவி (2)' என்று இரண்டாவது ஆளாக அல்ல.
- மீண்டும் சேர்ந்தவருக்கு நடந்த நிகழ்வுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டாமல் இப்போதைய முழு நிலையை ஒரே தடவையில் அனுப்புங்கள்.
- ஆட்டத்தின்போது திரை அணையாமல் பிரவுசரிடம் கேட்கலாம். ஐபோனில் இது 16.4 பதிப்பிலிருந்துதான் கிடைக்கும். பக்கம் பின்னால் போய்த் திரும்பினால் அந்த அனுமதியை மறுபடி கேட்க வேண்டும், மறப்பவர்கள் அதிகம்.

அதிகாரத்தை மூன்று படியாக வையுங்கள்: ரிமோட், ஹோஸ்ட், மற்றவர்கள். கையில் இருக்கும் ரிமோட் எப்போதும் எல்லாவற்றையும் மீறும். அதைப் பூட்டி வைக்கும் ஆப்பை வீட்டில் யாரும் பொறுக்கமாட்டார்கள். ஹோஸ்ட் ஒரு நிமிடத்துக்கு மேல் காணாமல் போனால் அடுத்து சேர்ந்தவருக்குப் பதவி போகட்டும். யார் என்ன செய்தார் என்பதைத் திரையின் ஓரத்தில் மூன்று நொடி காட்டுங்கள்: 'மீனா நிறுத்தினார்'. இந்தச் சின்ன வரி, எத்தனை அனுமதி விதிகள் எழுதினாலும் வராத ஒழுங்கைக் கொண்டுவரும்.

முதலில் அழுத்தியவர் யார்

முதலில் பட்டனை அழுத்துபவரே விடை சொல்லும் பஸர் ஆட்டத்தில் சர்வருக்கு முதலில் வந்த செய்தியை வெற்றியாக எடுத்தால், நல்ல வைஃபை வைத்திருப்பவர்தான் எப்போதும் ஜெயிப்பார். போனின் கடிகாரத்தைக் கொண்டு அளக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கடிகாரம் சர்வர் கடிகாரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்: போன் அனுப்பிய நேரம், சர்வர் பெற்ற நேரம், சர்வர் திருப்பி அனுப்பிய நேரம், போன் பெற்ற நேரம் என்று நாலு எண்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். மூன்றாவதிலிருந்து நான்காவதைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் விலகல். பத்துத் தடவை அளந்து, போய்வரும் நேரம் மிகக் குறைவாக இருந்த தடவையின் விடையை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு மோசமான அளவீடு எல்லாவற்றையும் கெடுக்கும்.

முதல் அழுத்தல் வந்ததும் 200 மில்லிநொடி காத்திருங்கள். அதற்குள் வந்தவற்றைத் திருத்திய நேரப்படி அடுக்குங்கள். ஏமாற்றுபவர் பொய் நேரம் அனுப்பலாம். அளந்த போய்வரும் நேரத்துக்கு மேல் யாருக்கும் சலுகை தராதீர்கள். 20 மில்லிநொடிக்குள் இருவர் என்றால் சமம் என்று அறிவிப்பதே நேர்மை. உங்கள் அளவுகோலால் அதற்குக் கீழே பிரிக்க முடியாது. போன் பக்கத்தில் விரல் எழுந்ததும் வரும் கிளிக் நிகழ்வை விட்டு, விரல் பட்டதுமே வரும் நிகழ்வைக் கேளுங்கள்.

டிவி படத்தைச் செயலாக்கிக் காட்டுவதிலேயே தாமதம் உண்டு. கேம் மோட் இல்லாத சில டிவிகளில் அது 100 மில்லிநொடியைத் தாண்டும். எல்லோரும் ஒரே டிவியைப் பார்த்தால் எல்லோருக்கும் அதே தாமதம், அநியாயம் இல்லை. இரண்டு வீடுகளுக்கு இடையே போட்டி என்றால் அது செல்லாது. அங்கே கேள்வி திறக்கும் கணத்தைப் போனிலேயே காட்டி, போனிலிருந்தே அளந்துகொள்ளுங்கள்.

வாக்கெடுப்பில் ஒரே எச்சரிக்கை: முடியும்வரை யார் முந்துகிறார் என்று காட்டாதீர்கள். 'ஐவரில் மூவர் வாக்களித்தனர்' என்பது போதும். இணைப்பு அறுந்தவரைக் கணக்கிலிருந்து எடுக்க மறந்தால் வாக்கெடுப்பு முடியவே முடியாது.

வெவ்வேறு வீடுகள், ஒரே படம்

மேலே சொன்ன கடிகாரக் கணக்கே இங்கும் அடித்தளம். 'இந்தச் சர்வர் நேரத்தில் படம் இந்த நொடியில் இருக்க வேண்டும்' என்ற ஒரே வரியை எல்லா டிவிகளுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொன்றும் தன் விலகலைத் தானே பார்த்துக்கொள்ளும். 100 மில்லிநொடிக்குள் என்றால் விட்டுவிடுங்கள். 2 நொடிவரை என்றால் வேகத்தை 3 சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரி செய்யலாம். அதற்கு மேல் என்றால் தாவ வேண்டியதுதான். பல டிவிகளின் வன்பொருள் டிகோடர் வேக மாற்றத்தை ஏற்காது, அல்லது ஒலியை அறுக்கும். அந்த மாடல்களில் முந்திப்போன டிவியைக் கணநேரம் நிறுத்தி வைப்பது பாதுகாப்பான வழி.

ஒரு வீட்டில் படம் சுற்றிக்கொண்டே நின்றால் எல்லோரும் காத்திருப்பதா? 5 முதல் 8 நொடி காத்திருந்து தொடருங்கள்; பின்தங்கியவர் வந்து சேர்ந்துகொள்வார். பேசிக்கொண்டே பார்க்கும் வசதி தந்தால் எதிரொலி வரும்: போனின் மைக் டிவியின் ஒலியையும் பிடித்து அனுப்பும், டிவியில் என்ன ஒலிக்கிறது என்று போனுக்குத் தெரியாததால் அதன் எதிரொலி நீக்கி பயன்படாது. அழுத்திப் பேசும் பட்டனே எளிய தீர்வு.

மெமரியும் பழைய பிரவுசரும்

டிவியின் பிரவுசர் இயந்திரம் பெரும்பாலும் வாங்கிய ஆண்டோடு நின்றுவிடும். 2018ஆம் ஆண்டு டைசன் 4.0 டிவியில் குரோமியம் (கூகுள் குரோமின் அடிப்படை இயந்திரம்) பதிப்பு 56. 2018, 2019 வெப்ஓஎஸ் 4 வரிசையில் 53. பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வந்ததே 57இல். ஆகவே கிரிட்டில் அமைத்த திரை இந்த இரண்டிலும் சிதறிக் கிடக்கும். 2021 டைசன் 6.0இல் 76, வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில் இடைவெளி விடும் வசதி 84இல்தான் வந்தது, ஆகவே பட்டன்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்த ஆண்டுவரை ஆதரிப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, அந்தப் பதிப்புக்கு நிரலை மாற்றித் தரும் கருவியைக் கட்டமைப்பில் சேருங்கள். அந்தக் கருவி நிரலை மட்டும்தான் மாற்றும்; சிஎஸ்எஸ்ஸை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

1920×1080 படம் ஒன்று கோப்பாக 200 கேபி இருந்தாலும் விரிந்ததும் மெமரியில் 8 எம்பி பிடிக்கும். 20 பின்னணிகளை வைத்திருந்தால் 160 எம்பிக்கு மேல். விலை குறைந்த டிவி ஆப்பை மூடிவிடும். காட்டும் அளவுக்கே படத்தைச் சர்வரில் சுருக்கி வாங்குங்கள், திரைக்கு வெளியே போனதை விடுவியுங்கள். அசைவுக்கு இடமாற்றமும் ஒளிபுகுதன்மையும் மட்டும். நிழலையும் மங்கலையும் அசைத்தால் படம் தடுக்கும்.

ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் திரை மணிக்கணக்கில் நிற்கும். ஓஎல்இடி பேனலில் அசையாத பிரகாச எழுத்து தழும்பாகப் பதியலாம். இரண்டு நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் ஒளியைக் குறைத்து, கியூஆரைச் சில பிக்சல்கள் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

சோதனை

கணினியில் டிவிபோல் நடிக்கும் எமுலேட்டர் வேகத்தைப் பற்றிப் பொய் சொல்லும். ஆதரிக்கும் டிவிகளில் மிகப் பழையது ஒன்று, மிக மலிவானது ஒன்று கையில் இருக்க வேண்டும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, விளக்கைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுங்கள்: ஆட்டத்தின் நடுவில் ரவுட்டரை அணையுங்கள், டிவியை ஸ்டாண்ட்பைக்கு அனுப்பிப் பத்து நிமிடம் கழித்து எழுப்புங்கள், எச்டிஎம்ஐ மாற்றித் திரும்புங்கள், ஒரு போனை வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றுங்கள், இரண்டு போனிலும் ரிமோட்டிலும் ஒரே கணத்தில் நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள், அறைக் குறியீட்டை எட்டுப் பேர் ஒன்றாகத் தட்டுங்கள். திரையைப் படித்துக் காட்டும் டிவியின் குரல் வசதியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆட்டம் முழுவதும் நடத்துங்கள். பெயரிடாத பட்டன்கள் எத்தனை என்று அப்போது தெரியும்.

கடைசியாகச் சோதிக்க வேண்டியது, எல்லோரும் கிளம்பியபின் என்ன மிஞ்சுகிறது என்பது. அறையை மூடியதும் விருந்தாளிகளின் பெயர், படம், வாக்கு, அடையாளச் சீட்டு எல்லாம் சர்வரில் அழிய வேண்டும். யாரும் மூடாமல் போனால் 12 மணி நேரத்தில் தானாக அழியட்டும். மறுநாள் காலை டிவியைப் போடுபவருக்கு முந்தைய இரவின் கடைசித் திரை தெரியாமல், வெற்று முகப்பு வர வேண்டும்.